மீந்த தண்ணீர்

வைக்கோலைப் பற்றிக் கட்டுரை எழுத என்ன இருக்கிறது என்று வாசகர்கள் எண்ணக்கூடும். நெல்லை எடுத்துக்கொண்ட பின் மனிதன் திரும்பிப் பாராத பொருள் அது. மாட்டுக்குப் போடுவான், கூரை வேய்வான், மிஞ்சினால் தீ வைப்பான். முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளியில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆயினும் அந்த இயலின் தலையாய பாடம் எனக்குக் கிடைத்தது எந்த ஆய்வுக்கூடத்திலும் அன்று. நேமத்தான்பட்டியில், எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரு வைக்கோற் படப்பின் அடியில் அது கிடைத்தது. அதற்கு விலையாக ஓர் உயிர் போயிற்று. அதை இத்தனை காலம் எழுதாமல் இருந்தேன். இப்போது எழுதுவதற்குக் காரணம், வைக்கோலையும் கரும்புச் சக்கையையும் பற்றி நாடெங்கும் பெரும் பேச்சு நடந்துகொண்டிருப்பதுதான். அந்தப் பேச்சில் ஒரு கேள்வி மட்டும் போதிய அளவு ஒலிக்கவில்லை. அந்தக் கேள்வியை முதலில் என்னிடம் கேட்டவர் பள்ளிக்கூடமே போகாத ஓர் ஆச்சி.

1983ஆம் ஆண்டுக் கோடை அது. முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்திருந்தது. எங்கள் பகுதி கண்மாயையும் வானத்தையும் நம்பிய பூமி. கண்மாய் வெடித்துக் கிடந்தது. வயல்களில் பசுமை என்று சொல்லக் கருவேலஞ் செடியைத் தவிர வேறொன்றும் இல்லை. அந்த ஊருக்குப் பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர் என் அத்தா. தவிடும் வைக்கோலும் வாங்கி விற்பது அவர் தொழில். ஊருக்கெல்லாம் வைக்கோல் விற்றவரின் கொல்லையில், அவ்வாண்டு சித்திரையில் எஞ்சியிருந்தது முந்நூறு கிலோ அளவிலான பழைய படப்பு ஒன்றுதான். எங்கள் வண்டிக் காளைகள் இரண்டையும் அவர் பங்குனியிலேயே சந்தைக்கு ஓட்டிச் சென்று, கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அன்று இரவு அவர் சோறு உண்ணவில்லை.

ஆனால் கட்டுத்தறியில் இன்னும் ஒரு பசுவும் அதன் நான்கு மாதக் கன்றும் நின்றன. அவற்றை விற்க முடியாது. ஏனெனில் அவை எங்களுடையவை அல்ல. நான்கு வீடு தள்ளியிருந்த பெரிய வீட்டு ஆச்சி, கண் மருத்துவத்திற்காகச் சென்னையிலுள்ள மகன் வீட்டுக்குப் புறப்பட்டபோது எங்கள் திண்ணைக்கு வந்து சொன்ன சொல் இன்னும் என் செவியில் இருக்கிறது.

"ராவுத்தரே, திரும்பி வர ஆறு மாசம் ஆகும்ங்கிறாங்க. செவலையையும் கன்னையும் உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். பால் உங்களுக்கு, மாடு எனக்கு."

"அமானிதம் ஆச்சி. கவலைப்படாமப் போய்ட்டு வாங்க" என்றார் அத்தா.

அமானிதம் என்ற சொல்லின் கனம் நம் குடும்பங்களில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆச்சிக்கும் அது தெரிந்திருந்தது. அதனால்தான் உறவுக்காரர் வீடுகள் பல இருக்க, எங்கள் திண்ணைக்கு அவர் வந்தார்.

நான் அப்போது காரைக்குடியில் ஒரு கல்லூரியில் வேதியியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிக்கும் பிள்ளை என்று ஊரில் கொஞ்சம் மதிப்பு. அதைவிடப் பெரிது எனக்கே என்மீதிருந்த மதிப்பு. வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் யூரியா தெளித்துப் பதப்படுத்திய வைக்கோலைப் பற்றிச் சொல்லக் கேட்டேன். பின்னர் அதைப் பற்றிய துண்டறிக்கை ஒன்றும் கைக்குக் கிடைத்தது. அத்தாவிடம் ஓடினேன்.

"மாட்டுக்கு உரத்தையா போடச் சொல்றே?" என்று கேட்டார் அவர்.

"உரமா இல்லை அத்தா. அது வைக்கோலுக்குள்ள போய் வேற ஒண்ணா மாறிடும்" என்றேன்.

நான் அவருக்குச் சொன்ன விளக்கத்தையே வாசகர்களுக்கும் சொல்கிறேன். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைப் பாருங்கள். உள்ளே செங்கல், செங்கலைப் பிணைக்கும் சுண்ணாம்புக் காரை, அதற்குமேல் கண்ணாடிபோல் வழவழக்கும் பூச்சு. வைக்கோலும் ஏறத்தாழ அவ்வாறு கட்டப்பட்டதே. அதன் செங்கல் செல்லுலோஸ். வைக்கோலின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அதுதான். செங்கற்களைச் சுற்றிப் பிணைத்து நிற்பது ஹெமிசெல்லுலோஸ். இவ்விரண்டும் சர்க்கரை அணுத்திரள்கள் கோத்துச் செய்த சங்கிலிகள். ஆகவே இரண்டும் உணவாகத் தகுந்தவை. இவற்றின் இடையிலும் மேலும் புகுந்து இறுகி நிற்கும் பூச்சுதான் லிக்னின். மரத்தை மரமாக நிற்க வைப்பது இது. நெல் வைக்கோலில் இவற்றோடு மணலின் இனத்தைச் சேர்ந்த சிலிக்காவும் நிறைய உண்டு. வைக்கோல் கையை அறுப்பது அதனால்தான்.

பசுவின் முதல் வயிற்றில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. செல்லுலோஸ் சங்கிலியை அறுத்துப் பசுவுக்கு உணவாக்குபவை அவையே. ஆனால் லிக்னின் பூச்சு இருக்கும்வரை அவற்றுக்குச் செங்கல் எட்டாது. பசு வயிறு நிறையத் தின்றும் எலும்பு தெரிய நிற்பதன் காரணம் இதுதான். இந்தப் பூச்சைத் தளர்த்தக்கூடியது காரம். யூரியாவை நீரில் கரைத்து வைக்கோலில் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், வைக்கோலிலேயே உள்ள நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக மாற்றுகின்றன. அம்மோனியா ஒரு காரம். அது லிக்னினுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலுள்ள கண்ணிகள் பலவற்றை அறுக்கிறது. செல்லுலோஸ் இழைகள் உப்பி நெகிழ்கின்றன. அம்மோனியாவில் ஒரு பகுதி வைக்கோலிலேயே தங்கி, வயிற்று நுண்ணுயிர்களுக்குப் புரதம் செய்துகொள்ளும் தழைச்சத்தாகவும் ஆகிறது. வைக்கோலில் மூன்று நான்கு விழுக்காடாக இருக்கும் புரதக் கணக்கு இதனால் ஏழெட்டு விழுக்காடாக உயரும்.

நூறு கிலோ உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. அதைக் கரைக்க 65 லிட்டர் தண்ணீர். மூடிவைக்க 21 நாள். இதுவே கணக்கு. அத்தா நெடுநேரம் யோசித்தார். கடைசியில், "அளவு தப்பாமச் செய்வியா?" என்று மட்டும் கேட்டார். "செய்வேன்" என்றேன்.

அளவு தப்பவில்லை என்பதை இன்றும் சத்தியமாகச் சொல்வேன். முந்நூறு கிலோ வைக்கோலுக்கு 12 கிலோ யூரியாவைத் தராசில் நிறுத்தேன். கிணற்றின் அடியில் கிடந்த தண்ணீரைக் குடம் குடமாக இறைத்து அண்டாவில் கலக்கினேன். அத்தா வைக்கோலைப் பரப்ப, நான் பூவாளியால் தெளிக்க, நன்னி கால்களால் மிதித்து அமுக்க, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு ஏறியது. பாலித்தீன் தாளையும் உரச் சாக்குகளையும் சேர்த்து மூடி, ஓரங்களில் மண் அணைத்துக் கல்லேற்றினோம். பணி முடிய அஸர் ஆகிவிட்டது. உடம்பெல்லாம் வைக்கோல் தூசி. குளிக்கச் சென்றேன். அண்டாவின் அடியில் அரைக் குடம் அளவு கரைசல் மீந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதை ஒரு பொருட்டாக நினைக்கவில்லை. வேலை முடிந்துவிட்டது என்பதே என் எண்ணம்.

கன்று முளையை அவிழ்த்துக்கொண்டதோ, நன்னி தாயிடம் பால் குடிக்க விட்டு மறந்தாரோ, இன்றுவரை தெரியாது. அந்தக் கோடையில் ஆடுமாடுகளுக்கு அளந்துதான் தண்ணீர் வைத்தோம். தாகத்தோடு வந்த கன்றுக்கு அண்டாவில் தெரிந்தது தண்ணீர். அதன் ஒவ்வொரு லிட்டரிலும் ஏறத்தாழ 60 கிராம் யூரியா கரைந்திருந்தது. அத்தனை சிறிய உடம்புக்கு அதில் பாதியே நஞ்சு. வைக்கோலில் இருபத்தொரு நாள் மெல்ல மெல்ல நடக்க வேண்டிய மாற்றம், கன்றின் வயிற்றில் அரைமணி நேரத்தில் நடந்துவிட்டது. அங்கே பிறந்த அம்மோனியா இரத்தத்தில் ஏறிற்று. நான் ஈரத் தலையோடு வந்தபோது கன்று நுரை தள்ளிக்கொண்டு நடுங்கி நின்றது. வயிறு உப்பியிருந்தது. பிறகு கால் மடங்கி விழுந்தது. புளிப்பு முறிக்கும் என்று நன்னி புளியைக் கரைத்து ஓடி வந்தார், வாய் திறக்கவில்லை. கால்நடை மருத்துவரை அழைத்துவர அத்தா மிதிவண்டியில் பறந்தார். மருத்துவரோடு அவர் திரும்பி வந்தபோது மஃரிபு பாங்கு நேரம் கடந்திருந்தது. கன்று அதற்கு முன்பே அடங்கிவிட்டது. புளித்த காடியும் குளிர்ந்த நீரும் நிறையப் புகட்டியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும் என்றார் மருத்துவர். செவலை இரவெல்லாம் கத்திக்கொண்டிருந்தது.

அத்தா என்னை ஏசுவார் என்று காத்திருந்தேன். ஏசவில்லை. மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, உள்நாட்டுக் கடிதத் தாள் ஒன்றை என் முன்னால் வைத்தார்.

"ஆச்சிக்கு எழுது."

"தங்கள் கன்று நேற்று மாலை இறந்துவிட்டது" என்று தொடங்கினேன். வாசித்துக் காட்டச் சொன்னார். காட்டினேன்.

"இறந்துட்டதுன்னா, அது தானாச் செத்த மாதிரில்ல இருக்கு. நீ செஞ்சதை எழுதுடா."

வாழ்நாளில் நான் எழுதிய எழுத்துகளிலேயே கடினமானது அந்த இரண்டாவது வாக்கியம். "யூரியா கலந்த தண்ணீரை நான் மூடாமல் வைத்துவிட்டேன், கன்று அதைக் குடித்துவிட்டது, குற்றம் என்னுடையது, கன்றின் விலையைத் தந்துவிடுகிறோம்" என்று எழுதினேன். அத்தா அதன் அடியில் தம் கையெழுத்தையும் இட்டார். காளைகள் விற்ற பணத்திலிருந்து ஒரு பங்கை ஒரு துணியில் முடிந்து, பெட்டியின் அடியில் வைத்தார். பிறகு அந்தப் பணத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

கன்றில்லாத செவலையின் மடி சில நாளிலேயே வற்றியது. இருபத்தொரு நாள் கழிந்தது. படப்பைப் பிரிக்க எனக்குக் கை வரவில்லை. அத்தாதான் மண்ணை விலக்கித் தாளைத் தூக்கினார். மூக்கைத் துளைக்கும் நெடி எழுந்தது. வெளிறிப் போயிருந்த பழைய வைக்கோல் தேன் நிறமாய்ப் பழுத்திருந்தது, தொட்டால் மெத்தென்றிருந்தது. நெடி போக ஒரு மணி நேரம் நிழலில் உதறிப் போட்டுவிட்டுக் காடியில் வைத்தோம். முதல் இரண்டு நாள் செவலை முகத்தைத் திருப்பிக்கொண்டது. மூன்றாம் நாள் தின்றது. பின்னர் ஒரு துரும்பும் மிச்சம் வைக்கவில்லை. மற்ற வீடுகளின் மாடுகள் எலும்பும் தோலுமாய் நின்ற அந்தக் கோடையில், செவலையின் விலாவில் சதை பிடித்தது. முறை மெய்யானதுதான், என் கணக்கும் சரியானதுதான். அதுவே என்னை மேலும் வருத்தியது. தவறான வித்தையால் வந்த கேடாக இருந்தால் வித்தையைப் பழித்துவிட்டு ஆறுதல் அடைந்திருக்கலாம்.

ஆவணியில் ஆச்சி திரும்பி வந்தார். ஒரு கண்ணில் மருத்துவம் முடிந்திருந்தது. கட்டுத்தறிக்கு வந்து செவலையை நெற்றியிலிருந்து வால்வரை தடவிப் பார்த்தார். அத்தா துணி முடிச்சை அவிழ்த்துப் பணத்தை நீட்டினார். வேண்டாம் என்று சொல்வார் என நான் எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார். எண்ணியும் பார்த்தார். அது அத்தாவுக்கு அவர் செய்த மரியாதை என்பது எனக்கு வெகுகாலம் கழித்தே விளங்கிற்று. வேண்டாம் என்றிருந்தால் அத்தாவின் நெஞ்சில் அந்தச் சுமை கடைசிவரை இருந்திருக்கும்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் தம்பி, கன்னு குடிச்சது போக மிச்சத் தண்ணி இருந்திருக்குமே, அதை என்ன செஞ்சீக?"

"அத்தா அதுல நிறையத் தண்ணி கலந்து, தென்னை மரத்துக்குத் தள்ளி ஊத்திட்டாங்க ஆச்சி. அது உரந்தானே."

ஆச்சி சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "அப்ப, முதல்லயே அங்க ஊத்தியிருக்கலாமே தம்பி" என்றார். குரலில் கோபம் சிறிதும் இல்லை.

அந்த ஒரு வாக்கியத்திற்குப் பின் நான் படித்த வேதியியல் முழுவதும் வேறுவிதமாகத் தோன்றியது. செடியின் உடலிலிருந்து பயனுள்ளதைப் பிரித்தெடுக்கும் கலை மனிதனுக்குப் புதிதன்று. ஊர் வண்ணார் உவர்மண்ணில் தோய்த்துத் துணியை வெள்ளாவியில் வைக்கிறாரே, அதுவும் காரத்தின் வேலைதான். அழுக்கு கரைகிறது, பருத்தியின் செல்லுலோஸ் அப்படியே நிற்கிறது. 8ஆம் நூற்றாண்டில் சமர்க்கந்திலும் பக்தாதிலும் காகிதத் தொழில் வேரூன்றியது. 11ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவை ஆண்ட அல் முயிஸ் இப்னு பாதிஸ் பெயரால் வழங்கும் நூல், எழுதுபொருள்களைப் பற்றியது. அதில் காகிதம் செய்யும் முறை கூறப்படுகிறது: நாரைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் கையால் பிசைந்து வெயிலில் உலர்த்தி, மீண்டும் புதிய சுண்ணாம்பு நீரில் இட வேண்டும், இவ்வாறு பல நாள் செய்து, நார் வெளுத்த பின்னரே இடிக்க வேண்டும். நம் முன்னோரின் கிதாபுகள் தங்கியிருந்த காகிதத்தின் பிறப்பு இத்தகைய ஊறலிலிருந்துதான்.

செல்லுலோஸ் என்ற பொருளைத் தனியே பிரித்துக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு அன்செல்ம் பாயென், ஆண்டு 1838. அமிலத்தாலும் காரத்தாலும் செடிகளைப் பதப்படுத்தி, எந்தச் செடியை எடுத்தாலும் கடைசியில் ஒரே பொருள் எஞ்சுவதை அவர் கண்டார். கரைந்து போனதை அவர் காலத்தவர் பெரிதாக எண்ணவில்லை. முதல் உலகப் போரில் செருமனியில் தீவனப் பஞ்சம் வந்தபோது, எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியலர் வைக்கோலைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவி மாட்டுக்குக் கொடுக்கும் முறையை வகுத்தார். நாற்பது விழுக்காடு அளவே செரித்துவந்த வைக்கோல் அறுபது, எழுபது விழுக்காடு செரிக்கலாயிற்று. வெற்றிதான். ஆனால் காரம் போகக் கழுவுவதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டியிருந்தது. கரைந்த சத்தில் ஒரு பகுதியும் அந்தக் கழுநீரோடு போயிற்று. அந்தக் கழுநீர் ஓடைகளைக் கெடுத்தது. ஆச்சியின் கேள்வி அங்கே எழுந்து நின்றது. யூரியா முறையும் அம்மோனியா முறையும் பிற்காலத்தில் விரும்பப்பட்டதற்கு ஒரு காரணம், அவற்றில் கழுவ வேண்டிய தண்ணீரே இல்லை என்பதாகும். மீதம் வைக்காத முறை அது. அதிலும் மீதம் வைத்தவன் நான்.

நம் தமிழகத்திலேயே இந்தக் கேள்விக்குப் பெரிய அளவில் விடை தேடிய இடம் ஒன்றுண்டு. மரத்தை வெட்டாமல் கரும்புச் சக்கையிலிருந்து செய்தித்தாளுக்கான காகிதம் செய்யும் நோக்கத்தோடு, தமிழ்நாடு அரசு 1979இல் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தைத் தோற்றுவித்தது. கரூருக்கு அருகில், புகழூர்ப் பக்கத்தில், காகிதபுரம் என்றே பெயர் பெற்ற இடத்தில், ஆண்டுக்கு 90,000 டன் திறனுடன் 1980களின் நடுவில் ஆலை ஓடத் தொடங்கியது. சர்க்கரை ஆலைகள் சக்கையைத் தம் கொதிகலனில் எரித்துவந்தன. அவற்றுக்கு வேறு எரிபொருளுக்கு வழி செய்து கொடுத்துச் சக்கையைப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு வகுக்கப்பட்டது. பின்னாளில் ஒருமுறை மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்கே சென்றேன். மலைபோல் குவித்து நனைத்து வைத்த சக்கையின் புளித்த மணம் வெகுதூரம் வரும். சக்கையிலிருந்து நெட்டி போன்ற சோற்றை முதலில் நீக்குகிறார்கள். பின்னர் நாரைக் காரக் கரைசலோடு அடைத்த கலத்தில் நீராவியில் வேகவைக்கிறார்கள். லிக்னின் கரைந்து வெளியேறுகிறது. வெண்மைக்கு ஆயத்தமான நார் எஞ்சுகிறது. வெளியேறும் நீர் கருங்காப்பி நிறமாயிருக்கும். அதற்குக் கருஞ்சாறு என்று பெயர்.

இந்தக் கருஞ்சாற்றை என்ன செய்வது என்பதுதான் காகிதத் தொழிலின் உயிர்நிலை. பெரிய ஆலைகள் அதைச் சுண்டக் காய்ச்சித் தனிக் கொதிகலனில் எரிக்கின்றன. லிக்னின் நன்றாக எரியும். அதன் வெப்பத்தில் ஆலைக்கு வேண்டிய நீராவி கிடைக்கிறது. எரிந்தபின் எஞ்சும் சோடா உப்பைக் கரைத்துச் சுண்ணாம்பு சேர்த்தால், மீண்டும் காஸ்டிக் சோடா கிடைக்கிறது. அடுத்த வேக்காட்டுக்கு அதுவே போகிறது. ஆச்சி சொன்னதுபோல, முதலிலேயே ஊற்ற வேண்டிய இடத்தில் ஊற்றும் ஏற்பாடு இது. ஆனால் இந்தியாவில் வைக்கோலையும் சக்கையையும் வேகவைத்த சிறிய ஆலைகள் பலவற்றுக்கு அத்தகைய கொதிகலன் வைக்கும் வசதி இருக்கவில்லை. அவற்றின் கருஞ்சாறு ஆறுகளில் கலந்து மீனையும் வயலையும் கெடுத்த வரலாறு நெடியது. நெல் வைக்கோலில் இடர் இன்னும் மிகுதி. அதன் சிலிக்கா காரத்தில் கரைந்து கருஞ்சாற்றோடு வருகிறது. காய்ச்சும் குழாய்களில் கல்போல் படிந்து அடைக்கிறது. வைக்கோலிலிருந்து காகிதம் செய்வது எளிது. வைக்கோலின் கருஞ்சாற்றை மீட்பதுதான் அரிது.

எங்கள் காரைக்குடிக்கும் இந்தக் கதையில் ஒரு பங்குண்டு. வள்ளல் அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953இல் திறக்கப்பட்டது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம். உப்பு நீரில் மின்சாரம் பாய்ச்சினால் காஸ்டிக் சோடா பிறக்கிறது. அந்தத் தொழிலுக்கான டைட்டானிய மின்முனைகளை உருவாக்கும் ஆய்வு அங்கே நடந்தது. கல்லூரி செல்லும் வழியில் அந்த நிலையத்தின் மதிலை நாள்தோறும் பார்த்தவன் நான். உள்ளே நடப்பதற்கும் எங்கள் கொல்லை வைக்கோலுக்கும் தொடர்புண்டு என்று அப்போது தெரியாது.

இன்று காரத்தோடு அமிலமும் களத்தில் இறங்கியிருக்கிறது. நீர்த்த அமிலத்தோடு நீராவியில் வைக்கோலை அவித்தால் முதலில் கரைவது லிக்னின் அன்று, ஹெமிசெல்லுலோஸ். செல்லுலோஸ் வெளிப்பட்டு நிற்கும். அதை நொதிகளால் சர்க்கரையாக்கி, சர்க்கரையைப் புளிக்கவைத்து, வண்டிகளுக்கான எரிசாராயம் எடுக்கலாம். வடக்கே அறுவடை முடிந்ததும் வயலிலேயே வைக்கோலைக் கொளுத்தி, புகையில் ஊர்களே மூச்சுத் திணறுவதை நாம் ஆண்டுதோறும் படிக்கிறோம். அதற்கு ஒரு மாற்றாக, அரியானாவின் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் நிறுவனம் 900 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு அமைத்த ஆலை 2022 ஆகஸ்ட் 10 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலைக் கொண்டு 3 கோடி லிட்டர் எத்தனால் எடுப்பது அதன் இலக்கு. ஹெமிசெல்லுலோஸிலிருந்து வேறு பொருள்களும் வரும். அமெரிக்காவில் 1922இலேயே ஓட்ஸ் உமியை அமிலத்தில் அவித்து, பர்ப்யூரால் என்னும் திரவத்தைத் தொழில் அளவில் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எண்ணெய்ச் சுத்திகரிப்பிலும் பிசின் செய்வதிலும் அது பயன்படுகிறது.

இவற்றையெல்லாம் நான் மகிழ்ச்சியோடுதான் படிக்கிறேன். வயலில் புகையாய்ப் போவதை மூன்று பொருளாகப் பிரித்துப் பயன் கொள்வது அறிவுடைமை. ஆயினும் ஒவ்வொரு புதிய முறையைப் பற்றிப் படிக்கும்போதும், எவ்வளவு செல்லுலோஸ் கிடைத்தது என்பதற்கு முன்னால் என் கண் வேறொரு வரியைத் தேடுகிறது: அமிலம் எங்கே போயிற்று? கழுவிய தண்ணீர் எங்கே? லிக்னின் யார் தலையில்? அந்த வரி இல்லாத அறிக்கையை நான் முழுமையானதாக ஏற்பதில்லை. பிரித்தெடுத்தவனுக்குப் பயன், மீதம் அண்டை வீட்டுக்காரனுக்கு என்றால் அது பிரித்தல் அன்று, பறித்தல். நிலமும் நீரும் நம் கையில் விடப்பட்ட அமானிதம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், இதை மறக்கலாகாது.

மாடு வளர்க்கும் குடும்பங்கள் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குச் சில வார்த்தைகள். யூரியா முறை நல்ல முறை, அஞ்ச வேண்டியதில்லை. நூறு கிலோவுக்கு நான்கு கிலோ என்ற அளவை மீறாதீர்கள். யூரியாவைக் கண்ணளவாகப் போடாமல் நிறுத்துப் போடுங்கள். கரைசல் வைக்கோலில் ஒரே சீராகப் படியட்டும். மூன்று வாரத்திற்கு முன் திறக்காதீர்கள். திறந்தபின் ஒரு மணி நேரமாவது உதறி ஆற்றிவிட்டுப் போடுங்கள். ஆறு மாதத்திற்கு உட்பட்ட கன்றுகளுக்கு அந்த வைக்கோலைக் கொடுக்கவே வேண்டாம். கரைசல் கலக்கும் இடத்திற்கு மாடுகன்று வராமல் கட்டிப்போடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மீதத்தை எங்கே ஊற்றப் போகிறோம் என்பதைக் கலக்குவதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கலனைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் வேலை முடிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் மழை பெய்தது. செவலை ஆச்சியின் தொழுவத்திற்குத் திரும்பியது. பின்னர் அங்கே மீண்டும் ஈன்றது. சீம்பால் ஒரு செம்பு நிறைய எங்கள் வீட்டுக்கு வந்தது. அத்தாவும் நன்னியும் ஆச்சியும் இன்று இல்லை. நேமத்தான்பட்டிக்குப் போகும்போது பார்க்கிறேன்: இயந்திரம் அறுத்த வயல்களில் வேறொரு இயந்திரம் வைக்கோலை உருளைகளாகக் கட்டி உருட்டிவிடுகிறது. எங்கள் கொல்லையில் படப்பு இருந்த இடம் வெறுமையாய்க் கிடக்கிறது. அந்தத் தென்னை மட்டும் நிற்கிறது.

பள்ளியில் ஒவ்வோர் ஆய்வு வகுப்பிலும், மாணவன் குடுவையைக் கையில் எடுக்கும் முன்பே நான் ஒரு கேள்வி கேட்பேன்: "முடிஞ்சதும் மீதியை எங்கே ஊற்றப் போறே?" விடை சொன்னவனுக்குத்தான் அனுமதி. சுத்தத்தில் மிகவும் பிடிவாதக்காரர் என்று பிள்ளைகள் என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. நான்கு மாதக் கன்று ஒன்றின் கதையை அவர்களுக்குச் சொல்லும் துணிவு எனக்கு அப்போது இருக்கவில்லை. இன்று சொல்லிவிட்டேன்.